மீன் தொட்டியில் விடாது தொடரும் ஒட்டுண்ணிகளும் அவற்றை ஒழிக்கும் முறையும்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் வீடுகள் பலவற்றில் இன்று அலங்கார மீன் தொட்டியும் இடம்பெற்றுள்ளது. சில வீடுகளில் அது பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காக முன் விறாந்தையில் வைக்கப்பட்ட ஒரு கண்ணாடித் தொட்டி. வேறு சில வீடுகளில் கிணற்றடியை அடுத்துக் கட்டப்பட்ட சீமெந்துத் தொட்டிகளில் கப்பி, மொலி, வாள்வால், பொன்மீன் முதலியவை விற்பனைக்காக வளர்க்கப்படுகின்றன. இலங்கையிலிருந்து பிறநாடுகளுக்கு அனுப்பப்படும் அலங்கார மீன்களுள் கப்பி முக்கிய இடம் பெறுவதாகும். ஓர் அறுவடைக்கும் அடுத்த அறுவடைக்கும் இடையில் வீட்டுச் செலவுக்குக் கைகொடுக்கும் சிறு வருவாயாகவும் இம்மீன் வளர்ப்பு அமையக்கூடும்.

இவ்வாறு மீன் வளர்ப்போருக்கு நேரும் இடர்களுள் மிகவும் சலிப்பூட்டுவது ஒட்டுண்ணித் தொல்லையேயாம். மீனின் உடலில் வெண்மையான பொட்டுகள் தோன்றுகின்றன. கடையில் வாங்கிய மருந்து தொட்டியில் இடப்படுகின்றது. மூன்று நான்கு நாள்களிற் பொட்டுகள் மறைகின்றன. வீட்டார் மனம் ஆறுகின்றனர். அடுத்த கிழமையிலேயே முன்னிலும் பன்மடங்காகப் பொட்டுகள் தோன்றுகின்றன. மறுபடியும் மருந்து, மறுபடியும் நோய். மூன்றாம் முறையில் இனப்பெருக்கத்துக்கென வைத்திருந்த தாய் மீன்களும் மாண்டு, பல மாத உழைப்பு வீணாகின்றது.

இந்நிலையிற் பலரும் கொள்ளும் முடிவு, மருந்து பலமற்றது என்பதாகும். ஆதலின் அளவை இரட்டிப்பர். அல்லது வேறொரு மருந்தைக் கலப்பர். இரண்டும் பெரும்பாலும் தவறான வழிகளேயாம். ஒட்டுண்ணி மீண்டும் மீண்டும் வருவதற்குக் காரணம் அதன் வலிமையன்று. மருந்து எட்டாத இடத்தில் அதன் வாழ்வின் ஒரு பகுதி கழிவதேயாம். அப்பகுதி எத்தனை நாள் நீடிக்கும் என்பதை அறிந்து, அத்தனை நாளும் பரிகாரத்தைத் தொடர்பவர்க்கே வெற்றி கிட்டும்.

தண்டு துளைப்பான் கற்பிக்கும் பாடம்

நெல் வயலில் இவ்வுண்மையைக் கமக்காரர் முன்னரே கண்டுள்ளனர். தண்டு துளைப்பானின் அந்துப்பூச்சி நெல்லிலையில் முட்டைக் கும்பங்களை இடுகின்றது. அவற்றை மயிர் போன்ற போர்வை மூடியுள்ளது. முட்டையிலிருந்து வெளிவரும் சிறு புழு சிறிது நேரம் பயிரின்மேல் உலாவிப் பின் தண்டைத் துளைத்து உட்புகுகின்றது. உட்புகுந்த புழுவுக்குத் தண்டே கோட்டையாகின்றது. மேலே தெளிக்கப்படும் நஞ்சு அதனை எளிதில் அடைவதில்லை. முட்டையும் அவ்வாறே. புழு வெளியே உலாவும் அச்சிறு பொழுதிலேதான் அது தெளிமருந்துக்கு எளிதில் அகப்படும். வெண்கதிர் தோன்றிய பின்னர் மருந்தடிப்பதாற் பயனில்லை என்பதை அனுபவமுள்ள கமக்காரர் அறிவர்.

மீன் தொட்டியிலும் நிகழ்வது இதுவேயாம். மீனின் தோலுக்குள் ஒட்டுண்ணி இருக்கும்போது மருந்து அதனைத் தொடுவதில்லை. தொட்டியின் அடியில் உறைக்குள் இருக்கும்போதும் பெரும்பாலும் தொடுவதில்லை. மீனைத் தேடி நீரில் நீந்தும் பருவத்தில் மட்டுமே அது மருந்துக்கு அகப்படுகின்றது.

வெண்புள்ளி நோய்

வீட்டு மீன் தொட்டிகளில் மிகுதியாகக் காணப்படுவது வெண்புள்ளி நோயாகும். இதனை உண்டாக்கும் நுண்ணுயிர் 1876ஆம் ஆண்டில் விஞ்ஞான முறைப்படி பெயரிடப்பட்டது. இக்தியோப்திரியசு மல்டிபிலிசு என்னும் அப்பெயரின் முற்பகுதி மீனின் பேன் எனவும், பிற்பகுதி பல பிள்ளைகளை உடையது எனவும் பொருள்படும். உண்மையில் இது பேனன்று. ஒரே கலத்தாலான உயிராகும். எனினும் பல பிள்ளைகளை உடையது என்பது முற்றிலும் பொருந்தும்.

இதன் வாழ்வு மூன்று பருவங்களாக நடைபெறுகின்றது. முதற் பருவத்தில் அது மீனின் தோலுக்கும் செவுளுக்கும் உள்ளே புதைந்து, மீனின் உடற்பொருளை உண்டு வளர்கின்றது. உப்புப் பரல் தூவியது போன்று வெளியே தோன்றும் ஒவ்வொரு பொட்டும் இவ்வாறு புதைந்துள்ள ஓர் ஒட்டுண்ணியைக் காட்டுகின்றது. வளர்ந்து முதிர்ந்ததும் அது தானாகவே தோலை விட்டு வெளியேறித் தொட்டியின் அடியிலும், பரலிலும், நீர்ப்பூண்டுகளிலும் படிந்து தன்னைச் சுற்றி ஓர் உறையை அமைத்துக்கொள்கின்றது. இது இரண்டாம் பருவம். உறையினுள்ளே அது இரண்டு, நான்கு, எட்டு எனப் பிரிந்து சில நூறு தொடக்கம் ஆயிரம் வரையான குஞ்சுகளாகின்றது. உறை வெடித்ததும் இக்குஞ்சுகள் வெளியேறி மீனைத் தேடி நீந்துகின்றன. இது மூன்றாம் பருவம். இரண்டொரு நாளுக்குள் மீன் அகப்படாவிடின் அவை மடியும்.

தாழ்நிலப் பகுதிகளில் தொட்டி நீர் 25 பாகை செல்சியசுக்கு மேற்படும்போது இச்சுற்று முழுவதும் ஏறத்தாழ 3 தொடக்கம் 6 நாள்களில் முடிவடையும். நுவரெலியா, பண்டாரவளை போன்ற குளிர்ந்த இடங்களில் நீர் குளிருந்தோறும் சுற்று நீளும்; 15 பாகையளவில் இரண்டு கிழமை வரையும் செல்லலாம். ஆகவே, ஓரிடத்திற் போதுமான நாட் கணக்கு மற்றோரிடத்திற் போதாது.

இப்போது முன்னர்க் கூறிய தொட்டியை மீண்டும் நோக்குக. நான்காம் நாளிற் பொட்டுகள் மறைந்தது மருந்தினாலன்று. முதிர்ந்த ஒட்டுண்ணிகள் தம் இயல்பின்படி மீனை விட்டு இறங்கிவிட்டன, அவ்வளவே. மீன் சுத்தமாகத் தோன்றும் அந்நாளிலேதான் தொட்டியின் அடியில் உறைகள் வெடிப்பதற்கு ஆயத்தமாகின்றன. அந்நாளிற் பரிகாரத்தை நிறுத்துதல், காவல் மிகவும் வேண்டிய இரவிற் காவற்காரனை வீட்டுக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும்.

நோயைப் பிழையின்றி அறிதல்

மருந்திடுமுன் நோய் இன்னதென அறிதல் வேண்டும். மீன் தன் உடலைக் கல்லிலும் கண்ணாடியிலும் உரசுதல், செட்டைகளை ஒடுக்கிக்கொள்ளல், மேற்பரப்பில் வாயைத் திறந்து மூச்செடுத்தல் ஆகியவை ஒட்டுண்ணியின் அறிகுறிகளாகும். ஆனால் நீர் கெட்டுப்போன தொட்டியிலும் மீன் இவ்வாறே நடந்துகொள்ளும். தேங்கிய உணவும் மலமும் அழுகுவதால் உண்டாகும் அமோனியாவும், குழாய் நீரிலுள்ள குளோரினும் செவுளை எரிப்பனவாம். இத்தகைய நீரில் மருந்தும் சேருமாயின் மீன் விரைந்து மாளும். ஆதலின், முதலில் மூன்றிலொரு பங்கு நீரை மாற்றி ஒரு நாள் பார்த்தல் நன்று. குழாய் நீராயின் ஒரு நாள் முழுவதும் திறந்த வாளியில் வைத்த பின் பயன்படுத்துக.

பொன்மீன் வளர்ப்போர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். இனப்பெருக்க காலத்தில் ஆண் பொன்மீனின் செவுள் மூடியிலும் முன் செட்டையின் விளிம்பிலும் வெண்மையான சிறு முளைகள் தோன்றும். இவை நோயல்ல, ஆண் மீனின் அடையாளங்களேயாம். இவை ஓரிடத்தில் ஒழுங்காக இருக்கும். வெண்புள்ளி நோயின் பொட்டுகளோ உடலெங்கும் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும்.

சில வேளைகளில் ஒட்டுண்ணிகள் செவுளில் மட்டுமே இருக்கும். அப்போது வெளியிற் பொட்டெதுவும் தோன்றாது. நோயினின்று தப்பிய பழைய மீன்கள் ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்று நலமாகத் தோன்றுகையில், புதிதாக விட்ட மீன்கள் மட்டும் நோயுறுவதும் உண்டு. புதிய மீனே நோயைக் கொண்டுவந்தது என எண்ணுவது எப்போதும் சரியன்று. பழைய தொட்டியிலே கிருமி ஒளிந்திருந்ததாகவும் இருக்கலாம்.

உப்பும் அளவும்

வெண்புள்ளி நோய்க்குக் கமக்காரர் வீட்டிலேயே உள்ள முதன் மருந்து சமையலுப்பாகும். நீரில் நீந்தும் குஞ்சுகளுக்கு அது தீங்கு பயக்கும். அளவோடு இடப்படின் கப்பி, மொலி, வாள்வால், பொன்மீன் ஆகியன அதனை நன்கு தாங்கும். ஒரு லீற்றர் நீருக்கு 2 கிராம் என்பது பொதுவான அளவாகும்.

தொட்டியிலுள்ள நீரின் அளவைக் கண்மதிப்பாற் கொள்ளுதல் கூடாது. நீளம், அகலம், நீரின் ஆழம் ஆகிய மூன்றையும் சென்றிமீற்றரில் அளந்து பெருக்கி, வந்த தொகையை 1000 ஆல் வகுத்தால் லீற்றர் கிடைக்கும். உதாரணமாக 90 சென்றிமீற்றர் நீளமும் 45 சென்றிமீற்றர் அகலமும் உள்ள தொட்டியில் நீரின் ஆழம் 40 சென்றிமீற்றராயின், பெருக்கத் தொகை 162,000. ஆகவே நீர் 162 லீற்றராகும். பரலும் கல்லும் அடைக்கும் இடத்தைக் கழித்து 150 லீற்றர் எனக் கொள்ளலாம். இத்தொட்டிக்கு வேண்டிய உப்பு 300 கிராம்.

இதனை ஒரே முறையில் இடலாகாது. 100 கிராம் வீதம் மூன்று பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் தொட்டி நீரிலேயே கரைத்து, 12 மணிக்கு ஒரு முறையாக ஊற்றுதல் வேண்டும். உப்புக் கட்டி மீனின்மேல் நேராக விழுதல் ஆகாது. நீர் ஆவியாகிக் குறையும்போது உப்புக் குறைவதில்லை. ஆகையால் ஆவியாகிய நீருக்கு வெறும் நீரையே சேர்க்க. நீரை வெளியேற்றி மாற்றும்போது மட்டும் வெளியேறிய அளவுக்கு உப்பும் சேர்க்கப்படல் வேண்டும். மேற்கூறிய தொட்டியில் 50 லீற்றர் நீரை மாற்றினால் 100 கிராம் உப்பைப் புது நீருடன் கலந்து ஊற்றுக.

கெளிறு இனத்தைச் சார்ந்த மீன்களும் அயிரை இனங்களும் உப்பைத் தாங்கும் ஆற்றல் குறைந்தவை. அவற்றுக்குப் பாதியளவே தக்கது. நத்தைகளும் நீர்ப்பூண்டுகள் பலவும் உப்பினாற் பாதிக்கப்படுமாதலின் அவற்றை வேறு பாத்திரத்துக்கு மாற்றுதல் நன்று. மீனில்லாத நீரில் அவற்றை இரண்டு கிழமை வைத்திருப்பின், தாழ்நில வெப்பத்தில், அவற்றில் ஒட்டியிருந்த வெண்புள்ளிக் கிருமியும் உணவின்றி அழிந்துபோம்.

நாட் கணக்குப்படி செய்யவேண்டியவை

உப்பு இடப்பட்ட நாள் தொடக்கம் பின்வருவனவற்றைத் தவறாது செய்தல் வேண்டும்.

1. நாள்தோறும் காலையில் இறப்பர்க் குழாயினால் தொட்டியின் அடியைத் துளாவி, அழுக்குடன் சிறிது நீரை உறிஞ்சி வெளியேற்றுக. அடியிற் படிந்துள்ள உறைகளுட் பல இவ்வாறு அகலும். ஓர் உறையை அகற்றுதல் பல நூறு குஞ்சுகளை அகற்றுவதாகும்.

2. காற்றுப் பம்பியை இரவும் பகலும் இயங்கவிடுக. செவுள் புண்பட்ட மீனுக்குக் காற்று மிகவும் வேண்டும்.

3. உணவைப் பாதியாகக் குறைக்க. உண்ணாது மிஞ்சுவதை உடனே அகற்றுக.

4. வெப்பமாக்கி உள்ளவர்கள் நீரின் வெப்பத்தை மணிக்கு ஒரு பாகைக்கு மேற்படாது சிறிது சிறிதாக உயர்த்தலாம். 30 பாகையளவில் இவ்வொட்டுண்ணியின் பெருக்கம் தளர்ச்சியடையும். எனினும் சூடான நீரிற் கரைந்துள்ள காற்றுக் குறைவாகையாலும், பொன்மீன் நெடுநாள் சூட்டை விரும்பாதாகையாலும், மீனின் நிலையைப் பார்த்தே இதனைச் செய்தல் வேண்டும்.

5. கடைசிப் பொட்டு மறைந்த நாளைக் குறித்து வைக்க. தாழ்நிலத்தில் அந்நாளிலிருந்து மேலும் ஒரு கிழமையும், குளிர்ந்த மலைநாட்டில் மேலும் இரண்டு மூன்று கிழமையும் பரிகாரத்தைத் தொடர்க. அதன் பின்னரே நீரைச் சிறிது சிறிதாக மாற்றி உப்பைக் குறைக்கலாம்.

இவற்றுள் ஐந்தாவதே பலராற் கைவிடப்படுவது. தொட்டியின் அருகே சுவரில் ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டு, மருந்திட்ட நாளையும் பொட்டு மறைந்த நாளையும் அதிற் குறித்தல் எளிய செயலேயாயினும் பெரும் பயன் தரும். விதைத்த நாளையும் பசளையிட்ட நாளையும் குறித்து வைக்கும் கமக்காரருக்கு இது புதிதன்று.

உப்பினால் அடங்காதவிடத்து, மீன் கடைகளில் வெண்புள்ளிக்கென விற்கப்படும் மருந்துகளைப் போத்தலிற் கூறிய அளவின்படி பயன்படுத்தலாம். அப்போது வடிகட்டியிற் கரி இருப்பின் அதனை எடுத்துவிடுக. அன்றேல் கரி மருந்தை உறிஞ்சிவிடும். இம்மருந்துகளுட் சிலவற்றில் போமலினும் மலக்கைற்றுப் பச்சையும் உண்டு. இரண்டும் மனிதர்க்குத் தீங்கு செய்வன. மலக்கைற்றுப் பச்சை உணவுக்காக வளர்க்கப்படும் மீன்களுக்குப் பல நாடுகளில் தடுக்கப்பட்டுள்ளது. ஆதலின் உண்பதற்கென வளர்க்கும் திலாப்பியா முதலிய மீன்களின் தொட்டியில் இவற்றை ஒருபோதும் இடலாகாது. வெண்மையான படிவு தோன்றிய பழைய போமலின் மீனுக்குக் கொடிய நஞ்சாகும்.

நங்கூரப் புழுவும் மீன் பேனும்

திறந்தவெளிச் சீமெந்துத் தொட்டிகளில் வெண்புள்ளியினும் மிகுதியாகத் தொல்லை தருவன இவ்விரண்டுமாம். இவை கண்ணுக்குப் புலனாகுமாதலின் அறிவது எளிது, ஒழிப்பது எளிதன்று.

நங்கூரப் புழு உண்மையிற் புழுவன்று. இறால், நண்டு ஆகியவற்றின் தூரத்து இனம். பெண் உயிர் மட்டுமே தலையை மீனின் சதையில் நங்கூரம் போற் புதைத்துக்கொண்டு, நூல் போன்ற உடலை வெளியே தொங்கவிடும். நூலின் நுனியில் இரண்டு முட்டைப் பைகள் காணப்படும். நல்ல சாமணத்தினால் அடியிற் பிடித்துப் பைய இழுத்தெடுத்துப் புண்ணைக் கவனித்தல் வேண்டும். ஆயின் இழுத்தெடுத்ததோடு வேலை முடிந்ததெனக் கருதலாகாது. அதன் குஞ்சுகள் நீரிலும், பிற பருவத்தினவாய்ச் செவுளிலும் கண்ணுக்குத் தெரியாது வாழ்கின்றன. 25 தொடக்கம் 30 பாகை வெப்பத்தில் முட்டை முதல் முட்டை வரையான சுற்று 18 தொடக்கம் 25 நாள்கள் வரை செல்லும். ஆதலின் ஒரு மாதம் வரை இரண்டு நாளுக்கொருமுறை மீன்களைச் சோதித்து, புதிதாகத் தோன்றுவனவற்றை முட்டையிடுமுன் எடுத்துவிடுதல் வேண்டும்.

மீன் பேன் தட்டையான வட்ட வடிவினது. அரைச் சென்றிமீற்றர் வரை வளரும். சில அதனினும் பெரியன. இது மீனின்மேல் ஓடித் திரிந்து இரத்தத்தை உறிஞ்சும். முட்டையிடும்போது மீனை விட்டு இறங்கிக் கல், பலகை, தொட்டியின் சுவர் ஆகியவற்றில் வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டும். அவை பொரிக்க இரண்டு மூன்று கிழமை செல்லலாம். இப்பழக்கமே அதனைப் பிடிக்கும் பொறியாக உதவும். தொட்டியில் இரண்டு மூன்று பலகைத் துண்டுகளை நிறுத்தி வைத்து, கிழமைக்கொருமுறை எடுத்து வெயிலில் நன்றாகக் காயவிட்டு மீண்டும் வைத்தால், அவற்றிலிட்ட முட்டைகள் யாவும் உலர்ந்து அழியும்.

இவ்விரண்டுக்கும் மிகச் சிறந்த, செலவற்ற மருந்து வெயிலேயாம். இரண்டு தொட்டி உள்ளவர்கள் மீன்களைச் சோதித்து, கண்ணுக்குத் தெரியும் ஒட்டுண்ணிகளை எடுத்த பின் சுத்தமான தொட்டிக்கு மாற்றி, பழைய தொட்டியை முற்றாக வடித்து, உரஞ்சிக் கழுவி, ஒரு கிழமை வெயிலிற் காயவிடுதல் வேண்டும். பின்னர் மீன்களை மீண்டும் சோதித்து அதற்கு மாற்றி, மற்றதைக் காயவிடலாம். வயலைக் கோடையிற் காயவிட்டுக் களையையும் பூச்சியையும் தணிக்கும் முறையே இங்கும் கைகொடுக்கின்றது.

செவுட் புழுக்கள்

மீன் உரசிக்கொள்கின்றது, ஒரு பக்கச் செவுள் மூடி விரிந்தே இருக்கின்றது, நீரும் நன்றாகவே இருக்கின்றது, பொட்டோ புழுவோ தெரியவில்லை. இவ்வாறாயின் செவுளிலோ தோலிலோ தட்டைப் புழுக்கள் இருக்கலாம். இவை நுணுக்குக்காட்டியின்றித் தெளிவாகத் தெரியா. தோலில் வாழும் ஓரினம் குட்டி ஈனும். செவுளில் வாழும் மற்றோரினம் முட்டையிடும். இவற்றுக்குப் பிரசிகுவான்டெல் என்னும் மருந்து லீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் பயன்படுத்தப்படுகின்றது. அம்மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. எனவே முட்டையிடும் இனமாயின், முட்டைகள் பொரித்து, புதிய புழுக்கள் முட்டையிடும் பருவம் எய்துமுன், ஏறத்தாழ ஒரு கிழமையில் இரண்டாம் முறையும் மருந்திடல் வேண்டும். இரண்டாம் முறையை விட்டவர் முதல் முறைக்குச் செய்த செலவையும் இழந்தவராவர்.

வயல் நஞ்சைத் தொட்டியில் இடற்க

கமக்காரர் வீட்டிற் பூச்சிநாசினிப் போத்தல் இருப்பது வழக்கம். பயிர்ப் பூச்சியைக் கொல்வது மீன் பேனையும் கொல்லுமன்றோ என எண்ணி அதிற் சில துளிகளைத் தொட்டியில் இடும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. முற்காலத்தில் ஓகனோபொசுபேற்று இன நஞ்சுகள் மீன் பேனுக்கும் நங்கூரப் புழுவுக்கும் பயன்படுத்தப்பட்டதுண்டு. ஆயின் பயிருக்கென ஆக்கப்பட்ட நஞ்சில் எண்ணெய்களும் கரைப்பான்களும் கலந்துள்ளன. ஒரு துளியின் வேறுபாடு மீன்கள் அனைத்தையும் மாய்த்துவிடும். பைரெத்திரொயிட்டு இனங்கள் மீனுக்கு மிகச் சிறிய அளவிலும் கொடியன. இவையனைத்தினும் மேலாக, வீட்டுப் பிள்ளைகள் கைவிட்டு விளையாடும் நீர் அதுவென்பதை மறத்தலாகாது.

மருந்து தெளித்த கைகளையும் உடையையும் கழுவாது தொட்டியைத் தொடுதல், தெளிகருவி கழுவிய வாளியால் தொட்டிக்கு நீர் வார்த்தல் ஆகியவற்றையும் தவிர்க்க. தொட்டிக்கென ஒரு வாளியும் ஒரு கைவலையும் தனியே வைத்திருத்தல் வேண்டும்.

வருமுன் காத்தல்

ஒட்டுண்ணி தானாகத் தோன்றுவதில்லை. அது புதிய மீனுடனோ, நீர்ப்பூண்டுடனோ, வாய்க்கால் நீருடனோ, ஈரமான வலையுடனோ தொட்டிக்குள் நுழைகின்றது. இந்த நான்கு வாயில்களையும் அடைத்தல் மருந்தினும் மலிவானது.

புதிதாக வாங்கிய மீனை ஒரு மாதம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றுடன் சேர்க்க. குளத்திலிருந்தோ வயல் வாய்க்காலிலிருந்தோ நீரையும் பூண்டையும் நேராகக் கொண்டுவருதல் கூடாது. கிணற்று நீரே மேலானது. நீர்ப்பூண்டைப் பொற்றாசியம் பரமங்கனேற்றுக் கரைசலில், அதாவது 10 லீற்றர் நீருக்கு ஒரு கிராமில் பத்திலொரு பங்கு கரைத்த இளஞ்சிவப்பு நீரில், 10 நிமிடம் அமிழ்த்திக் கழுவியெடுத்தல் நன்று. சிறு அளவை நிறுத்தல் கடினமாகையால், 1 கிராமை ஒரு லீற்றர் நீரிற் கரைத்து, அதில் 100 மில்லிலீற்றரை எடுத்து 10 லீற்றர் நீருடன் கலந்தால் இவ்வளவு சரியாக அமையும். வலை, குழாய் முதலியவற்றை ஒவ்வொரு முறையும் வெயிலில் உலர்த்துக. வெளித் தொட்டிகளுக்கு வலை போர்த்து, கொக்கும் மீன்கொத்தியும் அணுகாது காத்தல் வேண்டும். நத்தைகள் வழியாக மீனிற் புகும் சில புழுக்களின் முட்டைகள் பறவைகளின் எச்சத்துடனேயே தொட்டியை அடைகின்றன.

மழைக்காலத்தில் விசேட கவனம் வேண்டும். பெரும்போக வேலை மிகுந்து, வீட்டார் அனைவரும் வயலில் நிற்கும் மாதங்களிலேயே வாடை வீசி நீர் திடீரெனக் குளிர்கின்றது. திடீர்க் குளிர் மீனின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்; அவ்வேளையில் வெண்புள்ளி எளிதிற் பற்றும். அம்மாதங்களில் வெளித் தொட்டிக்கு இரவில் மூடியிடுதலும், பெருமழை நீர் நிரம்பாது காத்தலும், நாளொன்றுக்கு ஒரு முறையேனும் மீன்களை உற்றுப் பார்த்தலும் பெருநட்டத்தைத் தவிர்க்கும்.

கழிவு நீரும் நோயுற்ற மீனும்

மருந்தோ உப்போ சேராத தொட்டி நீர் மரக்கறிப் பாத்திகளுக்கு நல்ல பசளை நீராகும். ஆனால் உப்பிட்ட நீரைப் பாத்திகளுக்கு இறைத்தல் கூடாது. போஞ்சியும் மிளகாயும் உப்பைத் தாங்காப் பயிர்கள். லீற்றருக்கு 2 கிராம் உப்புள்ள நீர் அவற்றை வாடச் செய்யும். அந்நீரைக் கிணற்றுக்கு அப்பால், முதிர்ந்த தென்னையின் அடியில் ஊற்றலாம். போமலின் முதலிய மருந்து சேர்ந்த நீரைப் பயிருக்கோ வாய்க்காலுக்கோ விடாது, கிணற்றுக்கும் பாத்திகளுக்கும் தொலைவான வெற்று நிலத்தில் ஊற்றுக.

நோயுற்ற மீனை, உயிருடன் விடுவது புண்ணியம் எனக் கருதிக் குளத்திலோ ஆற்றிலோ விடுதல் பெருந்தீங்காகும். அதனுடன் ஒட்டுண்ணியும் குளத்தை அடையும். நலமான அலங்கார மீனையும் அவ்வாறு விடலாகாது. தொட்டி துப்புரவாக்கி என விற்கப்படும் மீனும், கத்தி மீனும் இவ்வாறு தொட்டிகளிலிருந்து வெளியேறியே இலங்கையின் நீர்நிலைகள் சிலவற்றிற் பரவியுள்ளன. இறந்த மீன்களைச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தலே முறையாகும்.

முடிவுரை

சுருங்கக் கூறின், ஒட்டுண்ணியை ஒழிப்பதற்கு வேண்டுவன மூன்று. அது எதுவென அறிதல் ஒன்று. அளந்து மருந்திடல் மற்றொன்று. மீன் நலமாகத் தோன்றிய பின்னரும் நாட் கணக்கு முடியும் வரை பொறுமையுடன் தொடர்தல் மூன்றாவது. முன்னிரண்டையும் செய்து மூன்றாவதைக் கைவிட்டவரின் தொட்டியிலேயே நோய் விடாது தொடர்கின்றது. களை முளைத்த பின் எடுப்பதோடு நில்லாது, அது விதைக்குமுன் எடுக்கும் கமக்காரருக்கு இப்பொறுமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதே பொறுமையைத் தொட்டியருகிலும் காட்டின் தாய் மீன்களும் பிழைக்கும். அவற்றை நம்பிய சிறு வருவாயும் நிலைக்கும்.

நோய் இன்னதெனத் துணிய இயலாதவிடத்து, உயிருள்ள நோயுற்ற மீன் ஒன்றையும் தொட்டி நீரிற் சிறிதையும் சுத்தமான பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் விரிவாக்க உத்தியோகத்தரை நாடுக. அவரை அணுகும் வழியை அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு அறிந்துகொள்ளலாம்.